என் மகளை எடுத்துக்கொண்ட வார்டு

சுகிர்தம்,

உன் தம்பியின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இதைக் கடிதம் போட்டு உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் என் மனக்குறை. கோயில் கொள்ளாத ஜனம். வாணியம்பாடியிலிருந்து உன் மாமா குடும்பம் முழுவதும் வந்திருந்தது. உன் அப்பா வேலை பார்க்கும் தோல் மண்டியின் முதலாளி சாயபு, தாம் வர முடியாவிட்டாலும் மகனை அனுப்பிப் பெண்ணுக்கு ஒரு பட்டுப் புடவை கொடுத்தார். போதகர் ஜெபம் பண்ணித் தாலியை எடுத்துக் கொடுத்தார். உன் தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அக்காள் நிற்க வேண்டிய இடத்தில் உன் சித்தப்பா மகள் நின்றாள். நல்ல பெண், மீதி முடிச்சுகளை ஒழுங்காகவே போட்டாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் கைகளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் உன் தந்தி வந்தது. உன்னோடு இருக்கிற இரண்டு நர்ஸுகளும் ஜுரத்தில் விழுந்துவிட்டார்கள், வார்டை விட்டு வர முடியாது என்று இருந்தது. உன் அப்பா படித்துவிட்டு, அவள்தான் என்ன செய்வாள் என்று சொல்லிப் பந்தல்காரனைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு எல்லாம் அப்படித்தான். எனக்கு அப்படி முடியவில்லை. உன்னை ஒரு மாமியார் தடுத்திருந்தால் அவள் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போட்டிருப்பேன். புருஷன் தடுத்திருந்தால் அவனை நாலு பேர் முன்னால் கேட்டிருப்பேன். உன்னைத் தடுத்தது இரும்புக் கட்டில்கள் வரிசையாகப் போட்ட ஒரு நீளக் கூடம். அதனிடம் போய் நான் என்ன கேட்பேன்? இந்த வயதில் ஒரு கூடத்தின் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு, வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். உன்னோடு வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு. அந்த வெள்ளைக்கார டாக்டர் துரைசானிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், அவர்களும் படிக்கட்டும். முப்பது வருஷமாக ஆம்பூரில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

உன்மேல் பங்கு கேட்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நீ பயிற்சிக்குப் போன நாளிலிருந்தே இது இருக்கிறது. என் பள்ளிக்கூடத்திலேயே நீயும் டீச்சராக வருவாய், காலையில் இரண்டு பேரும் ஒன்றாக நடந்து போவோம் என்று நான் நினைத்திருந்தேன். நீ நர்ஸாகப் போகிறேன் என்றாய். சொந்தக்காரர்கள் கண்டபடி பேசினார்கள். நான் அவர்களை எதிர்த்து உனக்காக வாதாடினேன். உன் படிப்பை நான்தான் ஜெயித்துக் கொடுத்தேன். ஆனால் லீவில் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் நீ என்ன பேசினாய்? மூன்றாம் கட்டிலில் இருக்கிற பெண்ணுக்கு ஜுரம் இறங்கியதை, ஜன்னலோரக் கட்டில் பாட்டி முதல் தடவையாக எழுந்து உட்கார்ந்ததைப் பேசினாய். உனக்குப் பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து வைத்த குழம்பை, அது என்ன குழம்பு என்று தெரியாமலே சாப்பிட்டு எழுந்தாய். உன் அப்பா சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, யார் அந்த மூன்றாம் கட்டில் என்று மனதுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம் நானே ஒரு கட்டிலானேன். மழையில் நனைந்திருந்த பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. உன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகச் சொல்லி நான்தான் அழுதேன். ரயில் ஏற்றி, இறக்கி, கட்டைவண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் உயிர் போகிற வலி. ஆனால் அந்த வலியிலும் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இனிமேல் தினமும் என் மகளைப் பார்க்கலாம், எழுந்தாலும் அவள், தூங்கப் போனாலும் அவள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காலைத் தூக்கிக் கட்டி, கயிற்றின் நுனியில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, இப்படியே பல வாரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். முதலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பகலில் நீயும் மார்த்தாளும் இருந்தீர்கள். மார்த்தாள் வாலாஜாபேட்டைப் பெண், வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. நீங்கள் இரண்டு பேரும் ஒரு கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு, ஒரு ஆளைத் தூக்கித் துப்பட்டியை மாற்றி மறுபடி படுக்க வைப்பதைப் பார்த்தால், நோயாளி காகிதத்தில் செய்தது போல இருப்பாள். எனக்கும் அப்படித்தான் செய்தீர்கள். முதுகைத் துடைத்து, ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, துணியில் ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டீர்கள். படுத்த படுக்கையில் ஒரு சுருக்கம் கத்தி மாதிரி என்று நீ சொன்னபோது எனக்குப் புரியவில்லை.

பிறகு மார்த்தாளுக்கு டைபாய்டு கண்டது. அவளையே ஒரு கட்டிலில் படுக்க வைத்தார்கள். இன்னொரு நர்ஸைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த நர்ஸ் சுவருக்கு அந்தப் பக்கம், தனி ரூமில் இருந்தாள். பெரிய தோல் வியாபாரி வீட்டு அம்மா ஒருவர் வயிற்று ஆபரேஷனுக்காக வந்து அந்த ரூமில் இருந்தார். அவருக்கென்று முழு நேரமும் ஒரு நர்ஸ். வார்டில் நீ ஒருத்தி. உனக்கு உதவிக்கு, தரை கழுவி மலஜலம் எடுக்கும் வேலைக்காரி ஒருத்தி. கட்டில்கள் நிறைந்து, கட்டில்களுக்கு நடுவிலும் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள்.

ஆள் குறைந்தால் எது முதலில் போகும் என்பதை நான் படுத்தபடியே பார்த்தேன், சுகிர்தம். மருந்து போகவில்லை. மருந்து அந்தந்த வேளைக்கு வந்தது. கட்டு மாற்றுவதும் போகவில்லை. டாக்டர் துரைசானி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய வேலை எதுவும் நிற்கவில்லை. யாரும் கேட்காத வேலைகள்தான் ஒவ்வொன்றாக நின்றன. கை எட்டாத ஒருத்தியின் வாயில் தம்ளரை வைத்துப் பிடிப்பது நின்றது. தம்ளர் பக்கத்தில் இருந்தது, தண்ணீர் அப்படியே இருந்தது. திருப்பிப் படுக்க வைப்பது குறைந்தது. போகிற வழியில் ஒரு நிமிஷம் நின்று முகத்தைப் பார்ப்பது இல்லாமலே போயிற்று. முன்பெல்லாம் நீ நடப்பாய். இப்போது ஓடினாய். ஓடுகிறவள் யாருடைய முகத்தைப் பார்ப்பாள்?

அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பொறாமையோடு பார்த்துக்கொண்டு கிடந்தோம். நீ ஒரு கட்டிலருகே கொஞ்சம் அதிக நேரம் நின்றால் மற்றக் கட்டில்களில் முனகல் கூடும். நானும் அதில் ஒருத்திதான், மற்றவர்களைவிட மோசம். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் குப்பம்மா கிடந்தாள். நம்ம ஆம்பூர்க்காரி, மண்டிக்குத் தோல் பதனிட ஆவாரம் பட்டை சுமக்கிறவள். பிள்ளை பெற்றுச் சூதக ஜுரம் கண்டு வந்திருந்தாள், பிள்ளை தங்கவில்லை. உனக்குக் கிடைத்த கொஞ்ச நேரத்தையும் அவளுக்கு ஈரத்துணி போட்டே செலவழித்தாய். அவள் நெற்றியில் உன் கை இருப்பதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் கிடப்பேன். கூப்பிட்டால் நீ வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே கூப்பிடவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைக்காதே. கூப்பிடாமல் நீயாக வருகிறாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ, அம்மாதானே, வேண்டுமென்றால் கூப்பிடுவாள் என்று தாண்டிப் போனாய்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசிறிச் சத்தம் கேட்கும். அந்த நர்ஸ் மெதுவாகப் பேசுவதும், அந்த அம்மா உருதுவிலே ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்கும். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. தன் வீட்டிலிருந்து வந்த பழங்களை எங்கள் வார்டுக்குக் கொடுத்தனுப்பினார். அந்தப் பழத்தை நான் சாப்பிடவில்லை. என்னைவிடப் பெரிய நோயோடு வந்தவர், தோலில் ஒரு கீறல் இல்லாமல், வந்த சில வாரத்தில் தன் காலால் நடந்து வண்டி ஏறினார். அதைக் கேள்விப்பட்ட அதே வாரத்தில்தான் நீ என்னைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு என் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

இடுப்புக்குக் கீழே தோல் கறுத்து உரிந்து பள்ளமாகியிருந்தது. எனக்கு அங்கே உணர்ச்சி இல்லை. உன் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். உன் உதடு வெளுத்துப் போயிருந்தது. நீ அழவில்லை. சுத்தம் பண்ணினாய், கட்டுப் போட்டாய், துணியை இழுத்து இழுத்துச் சுருக்கம் எடுத்தாய். பிறகு, "என் வார்டுல, என் அம்மாவுக்கு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். எனக்கு என்ன தோன்றிற்று தெரியுமா? என் வார்டு என்று முதலில் சொன்னாயே என்று தோன்றிற்று.

அந்தப் புண்ணோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். காவேரிப்பாக்கத்துப் பெண்ணை உனக்கு ஞாபகம் இருக்கும். மறந்திருக்க மாட்டாய். ஏரிக்கரைப் பக்கம் விவசாயக் குடும்பம், இருபது வயது இருக்கும், காலையில் ஆபரேஷன் முடித்துக் கொண்டுவந்து எனக்கு எதிர்க் கட்டிலில் போட்டார்கள். மத்தியானம் அவள் கண் மூடிக் கிடந்தாள். நான் பார்த்தேன். குப்பம்மா பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறொரு நோயாளியின் அண்ணியும் பார்த்தாள். பாவம், நன்றாகத் தூங்குகிறாள், எழுப்பாதீர்கள் என்று பேசிக்கொண்டோம். முகம் கொஞ்சம் வெளுப்பு, நெற்றியில் வேர்வை. வெயில் காலம், யாருக்குத்தான் வேர்க்கவில்லை? நீ அந்தக் கோடியில், வெந்நீர் பட்டு வெந்துபோன ஒரு குழந்தைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். பாதியில் விட்டு வர முடியாத வேலை. முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், அந்தக் கட்டிலைத் தாண்டும்போது நின்றாய். தூரத்திலிருந்தே உனக்குத் தெரிந்துவிட்டது. போர்வையைத் தூக்கினாய். அடியில் மெத்தை முழுவதும் இரத்தம்.

அவள் தூங்கவில்லை. எங்கள் கண்ணெதிரிலே போய்க்கொண்டிருந்தாள். நாலைந்து பேர் கண்ணை விழித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம், எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். நீ ஒரு தடவை அந்தப் பக்கம் நடந்திருந்தால் போதும். டாக்டர் துரைசானி ஓடி வந்தார்கள், என்னென்னவோ செய்தார்கள், பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. அவள் புருஷன் வெளியே மரத்தடியில் சோறு பொங்கிக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்ல நீதான் போனாய்.

மறுநாள் காலையில் டாக்டர் துரைசானி வார்டைச் சுற்றி வந்தபோது நீ அவர்களை என் கட்டிலருகே நிறுத்தினாய். எனக்குக் கேட்கட்டும் என்று நிறுத்தினாயா, தற்செயலா என்று இன்றுவரை தெரியாது. தனி ரூம் இனி காலியாக இருக்கட்டும், அந்த நர்ஸை வார்டுக்குக் கொடுங்கள் என்று கேட்டாய். அந்த ரூமுக்கு அதற்குள் வேறு ஆள் வந்தாயிற்று, அதில் வருவதை வைத்துத்தான் இந்த வார்டில் இவ்வளவு பேருக்கு இலவசமாகச் சோறும் மருந்தும் என்று அவர்கள் பொறுமையாகவே சொன்னார்கள். பொய் சொல்கிறவர்கள் அல்ல. கண்ணெல்லாம் சிவந்திருந்தது, அவர்களும் தூங்கவில்லை. அப்படியானால் கட்டில்களைக் குறைக்க வேண்டும் என்றாய். குறைத்தால் வாசலில் வந்து நிற்பவர்களை யார் திருப்பி அனுப்புவது, நீயா என்று அவர்கள் கேட்டார்கள்.

 நீ சொன்னாய்: "வாசல்ல திருப்பி அனுப்புனா வேற எங்கயாச்சும் போவாங்க. உள்ள படுக்க வெச்சுட்டு யாரும் பாக்கலன்னா, அவங்க எங்க போவாங்க?"

 நீ தலை குனியவில்லை. நான் படுத்தபடி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது என்று எழுதினால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேலே இன்னொன்று இருந்தது. வீட்டில் நீ எதற்காகவும் இப்படிப் பேசியதில்லை. உனக்குப் பிடித்திருந்த பட்டணத்து மாப்பிள்ளையை அப்பா வேண்டாம் என்று சொன்னபோதுகூட, சரிப்பா என்று உள்ளே போனவள் நீ. உனக்காக நீ பேசாததை, எனக்காக ஒருபோதும் பேசாததை, இந்தக் கட்டில்களுக்காகப் பேசினாய். அந்த நிமிஷத்தில் நான் தோற்றுவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன்.

டாக்டர் துரைசானி ஒத்துக்கொண்டார்கள். மார்த்தாள் எழுந்து வரும்வரை புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை, பிரசவ ஆபத்து ஒன்றைத் தவிர. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் கூடியவர்களை அனுப்பிவிடுவது. யார் யார் என்பதை நீயே சொல் என்று உன்னிடம் விட்டார்கள். நீ ஒவ்வொரு கட்டிலாகப் போனாய். என்னிடம் கடைசியில் வந்தாய்.

"அம்மா, உன்ன வீட்டுக்கு அனுப்பப் போறேன்" என்றாய்.

"என்னயா?"

"எலும்பு கூடிடுச்சு. இனிமே படுத்திருந்தா போதும். புண்ண எப்படிக் கழுவணும்னு அப்பாவுக்குக் காட்டித் தர்றேன். உன்னத் திருப்பிப் படுக்க வைக்க வீட்ல ஆள் இருக்கு. இவங்களுக்கு யாரும் இல்லம்மா."

பக்கத்துக் கட்டிலைக் காட்டித்தான் சொன்னாய். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ரயிலில் சாமான் வண்டியில், ஒரு கதவுப் பலகைமேல் என்னைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். நீ ஸ்டேஷன்வரை வந்து, பலகையை உள்ளே வைத்ததும் திரும்பிவிட்டாய். வண்டி புறப்படும்வரை நிற்கவில்லை. குடியாத்தம் தாண்டும்வரை நான் அழுதேன். உன் அப்பா என் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு வந்தார்.

வீட்டில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டதை நீ அறிவாய். மண்டியில் சொல்லிவிட்டு அவ்வப்போது வந்து திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போவார். தோல் நாற்றம் போக வேப்பிலை போட்ட தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் புண்ணைத் தொடுவார். உன் தம்பி சமைத்தான். என் ஒருத்திக்கு இரண்டு பேர். அந்தப் பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்து, மேலே பிஞ்சுத் தோல் வந்தது. ஆள் இருந்தால் ஆறுகிற புண்தான் அது. ஆள் இல்லாததால் வந்த புண்தான். உன் ஆஸ்பத்திரியில் எந்தப் பெரிய டாக்டர் வந்து கேட்டாலும் என் முதுகைக் காட்டி இதைச் சொல்லுவேன்.

நான் கோலூன்றி நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் குப்பம்மா வீட்டுக்கு வந்தாள். அடையாளமே தெரியவில்லை. கன்னத்தில் சதை வைத்து, பழையபடி பட்டை சுமக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பிழைப்பாள் என்று நான் நினைக்கவில்லை. நல்லாயிருக்கிறாயா என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் உன்னைப் பற்றித்தான் கேட்டேன். நான் போன பிறகு என்ன செய்தாள், என்ன பேசினாள், வேளைக்குச் சாப்பிட்டாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். என் மகளைப் பற்றி இன்னொருத்தி வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை எனக்கு. கட்டில்கள் குறைந்த பிறகு நீ மறுபடி நடக்க ஆரம்பித்தாய் என்றாள். தனக்குக் குளிர் ஜுரம் ஏறுவதற்கு முன்னாலேயே முகத்தைப் பார்த்து உனக்குத் தெரிந்துவிடும், போர்வையோடு வந்து நிற்பாய் என்றாள். அப்புறம் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்று சொன்னாள்.

"மத்தியானத்துல நாடி பாக்கறதுக்கு என் கையப் புடிப்பாங்க டீச்சரம்மா. அப்படியே உக்காந்துக்கினே தூங்கிடுவாங்க. நான் அசையவே மாட்டேன். அசைஞ்சா முழிச்சிக்குவாங்க இல்ல."

அவளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு உள்ளே வந்து ஆத்திரம் தீர உட்கார்ந்திருந்தேன். என் மகள் தூங்குவதற்கு அசையாமல் கை கொடுத்தவள் யாரோ ஒரு குப்பம்மா. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நானும் கிடந்தேன். அவள் உயிர் பிழைத்ததை நினைத்தும் என் மனம் குளிரவில்லை. அவ்வளவு பொல்லாதவளாக இருந்தேன்.

அந்த ஆத்திரத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. உன்னை வார்டிடமிருந்து பிடுங்க முடியாது. முயற்சி பண்ணிப் பார்த்தாயிற்று. ஆனால் உன் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் நின்றால், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நீ எனக்குக் கிடைப்பாய். டாக்டர் துரைசானி கூடுதல் ஆளைக் கேட்டு மேலே எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், பயிற்சிக்கு வரப் பெண்களே இல்லை என்று நீதான் சொல்லியிருந்தாய். சரி, பெண்களை நான் பிடித்துத் தருகிறேன் என்று கிளம்பினேன். கோலை ஊன்றிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். என்னிடம் படித்த பெண்களில் மேல் வகுப்புவரை வந்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுத்தான். கண்டவர்கள் உடம்பைத் தொட்டு, மலஜலம் எடுத்து, இரத்தத்தில் கை வைத்துவிட்டு வந்த பெண்ணை எவன் கட்டுவான் என்றார்கள். உங்கள் பெண்ணே இன்னும் கல்யாணம் ஆகாமல்தானே இருக்கிறாள் என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே கேட்டாள். நான் சேவை, தியாகம் என்றெல்லாம் பேசவில்லை. அதெல்லாம் பேசப் போதகர் இருக்கிறார். காவேரிப்பாக்கத்துப் பெண்ணின் கதையைச் சொன்னேன். நாளைக்கு உன் மகள் அந்தக் கட்டிலில் படுத்தால் அந்தப் பக்கமாக நடந்து போக ஒருத்தி வேண்டாமா என்று கேட்டேன். பல வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். நம் கோயில் உபதேசியார் மட்டும் தன் மூத்த மகள் மேரியை அனுப்புகிறேன் என்றார். இரண்டாவதாகச் சம்மதித்த வீடு எது தெரியுமா? குப்பம்மாவின் வீடு. அவள் தங்கை அஞ்சலை என்னிடம் படித்தவள், கெட்டிக்காரி. அவர்கள் அம்மாவுக்கு இஷ்டமே இல்லை. குப்பம்மாதான் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தாள்.

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டு வந்து கொடுப்பவர்கள் அந்த இரண்டு பேர்தான். மேரி பயந்தவள், ஆனால் சொன்னதை மறக்க மாட்டாள். அஞ்சலை எதற்கும் பயப்பட மாட்டாள், அவளைத்தான் நீ கவனமாகப் பழக்க வேண்டும். இரண்டு பேரும் நர்ஸ் ஆவதற்கு வருஷங்கள் ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் காத்திருப்பேன். அதற்குள் உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தனியாகச் சமாளித்துவிட்டேன் என்று யாரிடமும் பெருமையாகச் சொல்லாதே. நீ சமாளிக்கிறாய் என்று தெரிந்தால் உனக்கு இரண்டாவது ஆளை யாரும் அனுப்ப மாட்டார்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல். அன்றைக்கு என் கட்டிலருகே நின்று சொன்னாயே, அது மாதிரி ஒவ்வொரு தடவையும் சொல். அதற்காக ஒருத்தி சாகும்வரை காத்திருக்காதே. வேளைக்குச் சாப்பிடு. நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினால் கழுத்து பிடித்துக்கொள்ளும், கட்டிலில் போய்ப் படு.

நேற்று அஞ்சலையின் அம்மா வந்திருந்தாள். மகளின் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கீழே வைக்காமலே பேசினாள். அங்கே யாரோடு இருப்பாள், யார் சோறு போடுவார்கள், எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருவாள் என்று கேட்டாள். என் மகளோடுதான் இருப்பாள், என் மகள் அவளைக் கண்ணாகப் பார்த்துக்கொள்வாள் என்று நான் ஆறுதலாகச் சொன்னேன். அவள் ஆறவில்லை. உன் பெயரைக் கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அந்த முகம் எனக்குத் தெரியும், சுகிர்தம். கண்ணாடி பார்க்காமலே தெரியும்.

அதனால் அஞ்சலை உன்னை அக்கா என்று கூப்பிடட்டும். நீ எவ்வளவு அன்பாக வைத்துக்கொண்டாலும் சரி, எவ்வளவு நாள் ஆனாலும் சரி, உன்னை அம்மா என்று கூப்பிட விடாதே. அந்த ஒரு பெயரையாவது ஊரில் இருக்கிறவளுக்கு விட்டு வை.

உன் அம்மா